இருபத்திரண்டு காலடிகள்

அத்தியாயம் பதினொன்று

கோபித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட டிரைவரைப் போன வாரம் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கவலைப்பட வேண்டாம், ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். சொன்ன சொல்லிலிருந்து மட்டும் இறங்கி வரவில்லை.

மலையைப் புரட்டும் காரியம் ஒன்றும் இல்லை. மகள் எடுத்த முதல் படத்தை நாளை மாலை நூறு பேருக்குப் போட்டுக் காட்டப்போகிறார்கள். அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு வயதான அம்மாள் ரயிலில் வருகிறார். அவரை ஸ்டேஷனிலிருந்து பத்திரமாகக் கூட்டி வர வேண்டும். "எனக்குத் தெரிஞ்ச டிரைவர்கள்லயே அப்பா மாதிரி யார் இருக்கா" என்று மகள் ஆசையாகக் கேட்டாள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க வண்டி ஓட்டி, ஒரு கீறல்கூட விழாமல் ஓய்வு பெற்ற மனிதர் அவர். மகள் கேட்டால் நிலாவுக்கே வண்டியைக் கிளப்புவார். இதற்கு மட்டும் "முட்டி வலிக்குது" என்று சொல்லிவிட்டார்.

முட்டி வலிக்காக யாராவது குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்களா? அவர் மனைவிக்கு நேற்றிலிருந்து அதே குடைச்சல்.

மனைவியை ஸ்டுடியோ முழுக்கச் சத்தக்காரி என்றுதான் கூப்பிடும். வாய் நீளம் என்பதற்காக இல்லை, அவள் தொழிலே அதுதான். படப்பிடிப்பில் மைக் பேச்சை மட்டும்தான் ஒழுங்காகப் பிடிக்கும். காலடி, கதவு, மேஜையில் வைக்கிற டம்ளர், துணி உரசல் எல்லாவற்றையும் பிறகு ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே செய்து சேர்க்க வேண்டும். முப்பது வருஷமாக அவள் அதைச் செய்கிறாள். சமைக்க வாங்கிய முட்டைக்கோசு பாதி நேரம் யாரோ ஒரு வில்லனின் எலும்பாக முறிந்துபோகும். வீட்டில் இருந்த மூன்று குடைகளும் பறவைகளாகிப் பறந்தே கிழிந்தன. மழை வந்தால் டிரைவர் தலையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போவார்.

காலடிதான் அவளுக்குக் கைவந்த கலை. நடக்கிற சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் மாலை வேளைகளில் இருவரும் பால்கனியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, தெருவில் வருவது யார் என்று சொல்லி விளையாடுவார்கள். அவள் பத்துக்குப் பத்தும் சொல்வாள். அவர் தபால்காரரை எதிர்வீட்டு அம்மா என்பார். "உங்களுக்குக் காது வெறும் அலங்காரம்" என்று அவள் சிரிப்பாள். இருபத்தேழு வருஷமாக அவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

இன்று காலை அவரை ஸ்டுடியோவுக்கு இழுத்து வந்ததும் அவள்தான். ஒரு பழைய கார் கதவை மரச்சட்டத்தில் மாட்டி வைத்திருந்தாள். அதன் கீல் கிறீச்சிட்டது. அந்தக் காலத்து வண்டிக் கீலுக்கு மருந்து தெரிந்தவர் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே ஆள் தேடுவானேன்?

அவர் கிரீஸ் டப்பாவோடு வந்தார். வந்தவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொண்ணு எடுத்த படம். கொஞ்சம் திரும்பித்தான் பாருங்களேன்."

"நாளைக்கு மொத்தமா பாத்துக்கறேன்."

"நாளைக்கு முட்டி வலிக்காதா?"

அவர் கீலுக்குக் கிரீஸ் தடவ ஆரம்பித்தார்.

மகளின் படம் முப்பது வருஷத்துக்கு முன்பு நடந்த ஒன்றைப் பற்றியது. ஒரு சந்தையில் குண்டு வெடித்து நாற்பது பேர் செத்துப்போனார்கள். நாடே கொதித்தது. அரசாங்கம் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஐந்து பேர் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொருவராக முடித்துவிட்டு வரச்சொல்லி ரகசியமாக ஒரு குழுவை அனுப்பியது. நாலாவது ஆளாக அவர்கள் சுட்டது வேறு ஒருவரை. அவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். தன் வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது சுட்டார்கள். பிறகு வந்த விசாரணை அறிக்கையில் அதற்கு ஒரே ஒரு வரி: 'அடையாளம் காண்பதில் பிழை.' அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மகள் இரண்டு வருஷம் அலைந்து படம் எடுத்துவிட்டாள்.

நாளை வரப்போகும் அம்மாள், அந்தக் கடிகாரக்காரரின் மனைவி. மூன்று தடவை போய்க் கேட்டும் வாயைத் திறக்காதவர். கடைசியில், "நீ எடு. பாத்துட்டு, அது அவர்தானா இல்லையான்னு சொல்றேன்" என்றாராம்.

சத்தக்காரி திரையில் அந்தக் காட்சியை ஓடவிட்டாள். கேமரா காருக்குள் இருக்கிறது. டிரைவராக நடிப்பவரின் முகம் மட்டும் தெரிகிறது. பின் சீட்டிலிருந்து இரண்டு பேர் இறங்குகிறார்கள். அவள் கார் கதவை மெல்லச் சாத்தினாள். டக் என்று பதமாக ஒரு சத்தம் வந்தது.

"அப்படி இல்ல" என்றார் டிரைவர், திரும்பாமலே.

"எது இல்ல?"

"கதவைச் சாத்த மாட்டாங்க. திரும்பி ஓடிவந்து ஏறணும்ல. உள்ள இருக்கற டிரைவர் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டே இருப்பான்."

அவளுக்கு நியாயமாகப் பட்டது. தொழில் தெரிந்தவர் சொல்கிறார். கதவுச் சத்தத்தை எடுத்துவிட்டு, உறைபோட்ட கை கைப்பிடியை இறுக்குவது போலத் தோலைத் தோலோடு உரசி ஒரு சின்னச் சத்தம் வைத்தாள். காட்சிக்கு உயிர் வந்தது. நல்ல யோசனை என்று அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். சட்டை நனைந்திருந்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது காலடி. கடிகாரக்காரர் திரையில் தெரியவே மாட்டார். டிரைவருக்குப் பின்னால் மங்கலாக ஒரு நிழல் வரும், அவ்வளவுதான். அவர் வருகிறார் என்பதைச் சத்தம்தான் சொல்ல வேண்டும். அவள் அலமாரியிலிருந்து ஒரு பழைய தோல் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு கல் பலகைமேல் நடந்தாள். வேலை முடித்து வீட்டுக்குப் போகிற ஒரு நடுத்தர வயது மனிதரின் அலுத்த, சீரான நடை. நல்ல நடை. அவளுக்கே திருப்தியாக இருந்தது.

"அவர் அப்படி நடக்க மாட்டார்."

சொன்னவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கிரீஸ் துணி கையில் அப்படியே நின்றது.

கதவைப் பிடிப்பது டிரைவர்களுக்குத் தெரியும். செத்துப்போன ஒருவரின் நடை எந்த டிரைவருக்கும் தெரிய நியாயமில்லை.

"எவர் அப்படி நடக்க மாட்டார்?"

அவர் குனிந்து கீலைத் துடைத்தார்.

"என்னைப் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எந்த வண்டி ஓட்டினீங்க? ஃபைல் கொண்டு போற வண்டின்னுதானே சொன்னீங்க?"

"ஃபைல் வண்டி அதுக்கப்புறம். நானாக் கேட்டு வாங்கினது."

அவர் துணியை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். மடிக்க இடமில்லாமல் போனதும் பேசினார்.

"நாலாவது ஆள் பின்னாடி பதினோரு நாள் சுத்தினோம். மத்தவங்க போட்டோவைப் பாத்தாங்க. நான் கண்ணாடியில அவன் நடையைப் பாத்தேன். வேற என்ன வேலை எனக்கு? குதிச்சுக் குதிச்சு நடப்பான், விளையாட்டுக்காரன் மாதிரி. எனக்கு மனப்பாடம். பன்னிரண்டாவது நாள் சாயங்காலம் அதே தெரு, அதே உயரம், அதே மாதிரி கோட்டு. பின்னாடி இருந்தவங்க 'வந்துட்டான்'னு இறங்கினாங்க. நான் கண்ணாடியைப் பாத்தேன். வந்தவருக்கு இடது கால் ஒரு நொடி தாமதமா வருது."

"தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

"சொன்னீங்களா?"

"டிரைவர் பேசக்கூடாது. ரோட்டைப் பாக்கணும், இன்ஜின் அணையாமப் பாத்துக்கணும். அதான் உத்தரவு." மடித்த துணியை மறுபடி விரித்தார். "உத்தரவு கிடக்கட்டும். ஒருவேளை நான் தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு ஒரு யோசனை. இத்தனை பெரிய ஆளுங்க பாத்துத்தானே சொல்றாங்கன்னு ஒரு யோசனை. அதுக்குள்ள அவர் இருபத்திரண்டு அடி எடுத்து வச்சார். எண்ணினேன். வாயைத் திறக்கல."



அவளுக்கு முதலில் வந்தது கோபம். அந்த அம்மாளுக்காக வந்த கோபம் என்றால் சொல்லிக்கொள்ளலாம். தனக்காக வந்தது.

"பால்கனியில இருபத்தேழு வருஷமா என்கிட்ட தோத்துக்கிட்டே இருந்தீங்களே. எல்லாம் பொய்யா?"

"ஜெயிச்சிருந்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருப்ப."

அவர் எழுந்து கிரீஸ் டப்பாவை மூடினார். "நீ முதல்ல போட்ட நடையே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். வலது காலை அழுத்தி, இடது காலை எளிதாக எடுத்து வைக்கும் நடை. கண்ணை மூடினால் ஆயிரம் பேரில் அடையாளம் சொல்வாள். அந்த நடைக்குச் சொந்தக்காரரைத்தான் இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

மதியம் அவள் சாப்பிடவில்லை. ஷூ அலமாரிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

யாருக்குத் தெரியப்போகுது என்கிறாரே, ஒருத்திக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் அந்தக் காலடி வாசலுக்கு வருவதைக் கேட்டுக் கதவைத் திறந்தவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? சீரான நடையைப் போட்டால், நாளை அந்த அம்மாள் இருட்டில் உட்கார்ந்து, இது அவர் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ரயிலேறிப் போய்விடுவார். ஒரு தடவை ஆள் மாறிப்போனது போதாதா? சினிமாவிலும் மாற வேண்டுமா?

இடது கால் தாமதிக்கும் அந்த நடையைப் போட்டால், இதை உனக்கு யார் சொன்னது என்று முதலில் கேட்பவரும் அந்த அம்மாள்தான். இவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். முட்டி வலி என்று பொய் சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டுக் குளியலறையில் ஒளிந்துகொண்ட மனிதர். காய்ச்சல் வந்தால் அவள் படுக்கைப் பக்கத்தை விட்டு நகராத மனிதர். அவரைத் தூக்கி எறிய அவளால் முடியாது. இப்போது எதற்காக அழுகை வருகிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். இரண்டு நாளாகச் சீப்பைப் பார்க்காத தலை, கையில் பிஸ்கட் பாக்கெட்.

"அம்மா, முடிஞ்சுதா? கடைசியா இந்த சீன்தான் பாக்கி. கண்ணெல்லாம் ஏன் சிவந்திருக்கு?"

"தூசி. நீ முதல்ல தலையைச் சீவு. டைரக்டர் மாதிரி இல்ல, காணாமப் போன ஆள் மாதிரி இருக்க."

"படம் முடிஞ்சதும் சீவறேன். போட்டுக் காட்டு."

காட்டினாள். கதவைப் பிடித்த கையின் சத்தத்தைக் கேட்டதும் மகள் துள்ளிவிட்டாள். "இது யார் யோசனை?" என்றாள். அப்பா சொன்னார் என்று அம்மா சொன்னதும் மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு காலடி வந்தது, சீராக, அலுப்பாக.

"சூப்பர்மா. இதையே வச்சுடலாம்."

அவ்வளவுதான். தலையை ஆட்டினால் முடிந்தது. சத்தக்காரிக்குத் தலை ஆடவில்லை.

"இரு. இன்னொரு மாதிரியும் போட்டுப் பாக்கறேன்."

அவள் ஷூவை மாட்டிக்கொண்டு இடது காலைத் தாமதித்து நடந்து பார்த்தாள். பலகையில் கால் இழுபட்டது. மறுபடி நடந்தாள். இந்தத் தடவை கிழவர் நடையாகிவிட்டது. மூன்றாவது தடவை குடிகாரர் நடை. எத்தனையோ பேருக்கு நடந்து கொடுத்தவள், ராணிக்கும் திருடனுக்கும் ஒரே நாளில் நடந்தவள், இந்த ஒரு மனிதருக்கு நடக்கத் தெரியாமல் நின்றாள்.

"நாடகத்துல நொண்டற மாதிரி இருக்கும்மா. இவர் எதுக்கு நொண்டணும்? அப்படி எங்கயும் எழுதலையே."

"எழுதல. ஆனா அப்படித்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அப்போது படியில் காலடி கேட்டது. வலது கால் அழுத்தம், இடது கால் எளிது. சத்தக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். நடுவில் ஒரு தடவை அது நின்றது. திரும்பிப் போய்விடுவாரோ என்று நினைத்தாள். போய்விட்டாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தாள். பிறகு மறுபடி ஏறியது.

டிரைவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகளின் தலையைத் தடவினார். அலமாரியில் ஒவ்வொரு ஷூவாகத் தூக்கிப் பார்த்து, குதிகால் தேய்ந்த ஒரு பழைய ஜோடியை எடுத்து மாட்டினார். இடது ஷூவின் கயிற்றைக் கொஞ்சம் தளர்வாகவே விட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"உங்கம்மாவுக்கு வரல. நான் ஒரு தடவை நடந்து பாக்கறேன். நீ பொத்தானை அமுக்கு."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டுப் பதிவைப் போட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் காருக்குள் இருக்கும் டிரைவரின் முகம் வந்தது.

அவர் கல் பலகைமேல் நடக்க ஆரம்பித்தார். இழுப்பும் இல்லை, நொண்டலும் இல்லை. வலது கால் விழும், இடது கால் வரலாமா என்று கேட்டுவிட்டு வருவது போல ஒரு நொடி கழித்து விழும். பழகிப்போன, யாரிடமும் சொல்லிக்கொள்ளாத ஒரு சின்ன வலி. வீடு பக்கத்தில் வந்துவிட்ட மனிதரின் நடை அது. கடைசி ஐந்தாறு அடிகளில் கொஞ்சம் வேகம்கூட வந்தது.

சத்தக்காரி எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது, இருபத்தொன்று. இருபத்திரண்டாவது அடியில் அவர் நின்றார். அடுத்த காலைத் தூக்கவில்லை.

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காருக்குள் இருக்கும் அந்த நடிகரிடம், முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்காருங்கள் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். இதுவரை அது வெறும் முகமாக இருந்தது. இந்தக் காலடியோடு பார்க்கும்போது, காட்சியில் ஒரு பிரேம்கூட மாறாமலே, அது எல்லாம் தெரிந்த முகமாகிவிட்டது.

"அம்மா" என்றாள் மெதுவாக. "இந்த டிரைவருக்கு ஆள் மாறிப்போச்சுன்னு தெரியும். தெரிஞ்சும் பேசாம உக்காந்திருக்கான். இதான்மா என் படம். ரெண்டு வருஷமா இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. ஹெட்போனைக் கழற்றினாள். ஷூ மாட்டிய அப்பாவின் கால்களைப் பார்த்தாள். பிறகு சட்டத்தில் மாட்டியிருந்த கார் கதவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மகளின் முகத்தில் இருந்த சந்தோஷம் எந்த இடத்தில் வடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வடிந்துவிட்டது.

"அப்பா..."

டிரைவர் கீழே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு சிக்கிக்கொண்டது. சத்தக்காரி போய்த் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகத்தால் முடிச்சை நெகிழ்த்தினாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது பாட்டுக்கு இருந்தது. காலும் அவள் மடியில் இருந்தது.

"நாளைக்கு அந்த அம்மா வர்ற ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் அவர்.

மகள் ஹெட்போனைக் கீழே வைத்தாள். "காலையில ஆறே முக்கால்."

"ஆறு மணிக்கே போய் நிக்கறேன்."

"அவங்ககிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

அவர் கழற்றிய ஷூவைத் திருப்பி, தேய்ந்த குதிகாலைக் கட்டைவிரலால் தடவினார்.

"பெட்டியை வாங்கி வைக்கணும். பின் சீட்டுக் கதவைத் திறந்து விடணும். அவங்க ஏறி உக்காந்ததும் நானே கதவைச் சாத்தணும்" என்றார். "வண்டியைக் கிளப்பறதுக்கு முன்னாடி பேசிடணும்மா. கிளம்பிட்டா நான் மறுபடியும் டிரைவர் ஆயிடுவேன்."